மூச்சுக்குத் துணை நிற்கும் ஊழியம்

(அலங்காநல்லூரில் நடந்த ஜெபக்கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைக் குழுவினர் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே,

எங்களைச் சந்திக்கும்போதெல்லாம், "ஆஸ்பத்திரிக்கு என்ன மெஷின் தேவை?" என்று அன்போடு கேட்கிறீர்கள். மெஷின்கள் தேவைதான். ஆனால் இன்று, கைகளால் செய்யும் ஒரு பணியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

தை மாதத்து வாடிவாசலைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாடு முட்டி விலா முறிந்தவரை முன்பெல்லாம் மார்பைச் சுற்றி இறுகக் கட்டிப் படுக்கவைப்பார்கள். இப்போது அப்படிக் கட்டுவதில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். அது இல்லையென்றாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. வலிக்குப் பயந்து அவர் மேலாக மூச்சுவிடுவார், இருமலை அடக்குவார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரும். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும், பக்கவாதத்தில் கிடக்கும் பெரியவருக்கும் இதே ஆபத்து உண்டு.

இதற்கு நாங்கள் செய்பவை எளிய காரியங்களே. முதலில் வலியை அடக்க மருந்து கொடுக்கிறோம். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துகிறோம். மணிக்கொரு தரம் பத்து முறை ஆழ்ந்து மூச்சிழுக்கப் பழக்குகிறோம். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்கிறோம். அசைய முடியாதவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறோம். வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்கு இறங்காதபடி காலையும் மாலையும் பல் துலக்கிவிடுகிறோம். ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுகிறோம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தொட்டால் உடனே டாக்டரை அழைக்கிறோம்.

ஆக்சிஜனும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு. பலருக்கு இரத்தத்தில் அது 94 சதவீதத்துக்குக் குறையாமல் பார்க்கிறோம். பீடியாலோ அடுப்புப் புகையாலோ நெடுநாளாக நுரையீரல் கெட்டவர்களில் பலருக்கு 88 முதல் 92 போதும், மிஞ்சினால் தீங்கு.

விலா முறிந்த ஓர் இளைஞனை எழுப்பி உட்காரவைத்தபோது, "வலியில கிடக்கிற பிள்ளைய ஏம்மா இப்படிப் பாடாப்படுத்துறீங்க?" என்று அவன் தாயார் அழுதார். காரணத்தை விளக்கினோம். அன்று மாலையே, தலையணையை அவன் மார்பில் பிடித்துக்கொண்டு, "இருமுப்பா" என்று சொன்னவர் அந்தத் தாயார்தான்.

1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் காற்றுப்பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே தொடக்கம்.

பிரியமானவர்களே, இரவு 2 மணிக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு நர்ஸ் விழித்திருக்க வேண்டும். வார்டு நிறைந்திருக்கையில் ஒருவரால் எல்லாக் கட்டிலுக்கும் போய்வர இயலாது. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இரவுப்பணி நர்ஸ்களின் சம்பளத்துக்கென்று ஒதுக்கும்படி தாழ்மையாய் வேண்டுகிறோம். நோயாளியைப் பார்க்க வரும்போது, படுத்தபடி அவருக்குக் கஞ்சி புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஆக்சிஜன் அருகே மெழுகுவர்த்தி கொளுத்தாதீர்கள்.

நமக்கு ஜீவசுவாசத்தைத் தந்த தேவன், உங்கள் கைகளின் பிரயாசங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.