கைப்பேசியும் கைத்திறனும்



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகையில் இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. விழா நிதியைக் கொண்டு இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி அளிப்பதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. நிதி முழுவதற்கும் கணினிகள் வாங்கி இணையவழியே கற்பிக்கலாம் என்பாரும் உளர். பட்டறை அமைத்து நேரில் கற்பிக்க வேண்டும் என்பாரும் உளர். இரண்டையும் சீர்தூக்கிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். நான் தொழில் வல்லுநன் அல்லன், பள்ளி ஆசிரியன். என் மாணவரிடம் கண்டவற்றையே கூறுகிறேன்.

இணையவழியின் நன்மையை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் கைத்தொழில் நெடுங்காலம் குலத்திற்குள் அடைபட்டுக் கிடந்தது. தச்சும் கொல்லும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றன. சாதியானது வேலையை மட்டுமன்றி, வேலை செய்வோரையே மேல் கீழாகப் பிரித்துவிட்டதை அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இணையமோ "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. மாலைக்குப் பின் நகரத்துக்கு அனுப்ப வீட்டார் இசையாத மாணவி ஒருத்தி, இரவில் கைப்பேசியிலேயே டேலி கணக்கியல் கற்று, இன்று அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதுகிறாள். நடுவண் அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் கட்டணமின்றிப் பாடங்களை வழங்கி வருகிறது. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

ஆயினும் 2020ஆம் ஆண்டை நாம் மறந்துவிடலாகாது. நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. எங்கள் மாணவர் பலர் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையின் சட்டைப் பையில் வேலைக்குச் சென்றுவிடும். கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கப்பட்டிருந்தது ஏதோ நற்பேறு.

அதனினும் பெரிது கையின் சிக்கல். மின்னிணைப்பு வேலையைக் காணொளிகள் வழியே கற்ற என் பழைய மாணவன் ஒருவன், வேலைக்குச் சென்ற முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டான். சுற்றுப்படம் வரைவான், ஓமின் விதி சொல்வான். உள்ளிருக்கும் செம்பிழை அறாமல் கம்பியின் உறையை உரிக்க மட்டும் அவனுக்கு வரவில்லை. கண்கலங்கி வந்து நின்றான். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டோம். அங்கே ஒருநாள் முழுதும் நின்று நானும் பார்த்தேன்.

பொருத்துநர் பிரிவில் தொடக்கப் பாடம் அரம் பிடித்தல். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, நாட்கணக்கில் அராவ வேண்டும். பின் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், இடையில் ஒளி தெரியலாகாது. தெரிந்தால் மீண்டும் அராவ வேண்டும். ஆசிரியர் மாணவனின் முழங்கையைத் தொட்டு, "தோளிலிருந்து தள்ளப்பா" என்கிறார். பற்றவைப்புப் பிரிவில் குச்சிக்கும் இரும்புக்கும் இடைவெளி சரியாயின், எண்ணெயில் பொரிவது போன்ற சீரான ஓசை எழுகிறது. முதுகுப்புறம் நிற்கும் ஆசிரியர் அவ்வோசையைக் கேட்டே பிழையைச் சொல்லிவிடுகிறார். பதிவு செய்த காணொளி இத்திருத்தத்தை எங்ஙனம் அளிக்கும்?

மேலும், தமிழகத்து அரசினர் நிலையங்களில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் இடமுண்டு. முடித்தவர் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகை பெற்று ஆலைகளிலும் பழகலாம். தனியார் விற்கும் இணையப் பயிற்சிகளில் இவை ஒன்றும் கிடையா.

பட்டறையில் சாதி இல்லை என்று கூற வரவில்லை. என் மைத்துனர் இளமையில் தனியார் பட்டறையொன்றில் மூன்றாண்டு இருந்தார். கடைசல் இயந்திரத்தைத் தொடவிடாமல் இரும்புத் தூள் பெருக்கவே வைத்திருந்தனர். இன்றும் அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறுகிறது. ஆதலினாற்றான் நமக்கென ஒரு பட்டறை மேசை வேண்டும் என்கிறேன்.

கணினி இரண்டு போதும். ஆங்கிலம், கணக்கியல், தொழில் வரைபடம், மாதிரித் தேர்வு ஆகியவற்றை அவற்றில் கற்கட்டும். எஞ்சிய நிதியில் வைஸ், அரங்கள், மூலைமட்டம், மின்னிணைப்புப் பலகை வாங்குவோம்; தொழிற்பயிற்சி நிலையம் செல்லும் பிள்ளைகளின் கருவிப் பெட்டிக்கும் சிறிது ஒதுக்குவோம். சங்கக் கட்டடத்தின் பின்னுள்ள தகரக் கொட்டகையில் நான்கு வைஸ்கள் பொருத்த இடமுண்டு; நானே அளந்து பார்த்தேன். பணி ஓய்வு பெற்ற பொருத்துநர் ஒருவர் ஞாயிறுதோறும் வர இசைந்துள்ளார். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக முன்மொழிவேன்.