பட்டறை ஏடும் வாடிக்கை ஏடும்



வணிகவியல் பயிலும் மாணவர்கள் இந்நாளில் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. ஒரு சிறு தொழில் நிலையம் கணிப்பொறியின் துணையை நாடும்போது முதலில் எந்த மென்பொருளை வாங்குவது? தொழிலின் உள்வேலைகளை நடத்தும் மென்பொருளையா, வாடிக்கையாளரைப் பேணும் மென்பொருளையா? முன்னதை ஈ.ஆர்.பி. என்றும், பின்னதைச் சி.ஆர்.எம். என்றும் எழுத்துச் சுருக்கத்தால் வழங்குகின்றனர். விற்பவரைக் கேட்டால் இரண்டுமே இன்றியமையாதவை என்பார். அது அவர் தொழில். வாங்குபவரிடம் இருப்பதோ அளவான பணம். புதியதைக் கற்றுக்கொள்ள அவருடைய ஆட்களுக்குக் கிடைக்கும் நேரம் அதனினும் குறைவு.

பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. கணிப்பொறி வருமுன்னரே இவ்விரண்டும் நம் கடைத்தெருவில் இருந்தன. மளிகைக் கடையின் கணக்குப்பிள்ளை சரக்கு இருப்பையும் கொள்முதலையும் ஏட்டில் எழுதி வந்தார். முதலாளியோ எந்த வீட்டில் திருமணம் வருகிறது, சென்ற முறை அரிசியில் கல் கிடந்தது என்று குறைப்பட்டவர் யார், யாருக்குக் கடன் தரலாம் என்பனவற்றை மனத்தில் வைத்திருந்தார். முன்னது பட்டறை ஏடு. பின்னது வாடிக்கை ஏடு. இன்று அவை கணிப்பொறிக்குள் புகுந்திருக்கின்றன.

பட்டறை ஏட்டின் வேலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தண்ணீர் இறைக்கும் பம்பு செய்யும் பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மாதக் கடைசிக்குள் 200 பம்புகள் தர வேண்டும். ஒரு பம்புக்கு இரண்டு பேரிங்குகள் என்றால் 400 வேண்டும். கையிருப்பு 150. ஆகவே 250 வாங்க வேண்டும். விற்பவர் அவற்றை அனுப்பப் பத்து நாள் எடுத்துக்கொள்வார். பூட்டிச் சோதிக்க நமக்கு ஒரு வாரம் தேவை. அப்படியானால் எந்தத் தேதிக்குள் கொள்முதல் ஆணை போக வேண்டும்? எட்டாம் வகுப்பு மாணவன் போட்டுவிடும் கணக்குத்தான். ஆனால் ஒரு பம்புக்கு நாற்பது உறுப்புகள், பத்து வகைப் பம்புகள், வாரந்தோறும் மாறும் ஆணைகள் என்று ஆகிவிட்டால் தேர்ந்த மேலாளரும் திணறிப்போவார். இந்தக் கணக்கைக் கணிப்பொறிக்கு ஏற்ற முறையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் பணியாற்றிய ஜோசப் ஆர்லிக்கி. 1960களில் அவர் அம்முறையை உருவாக்கி, 1975இல் அதனை நூலாகவும் எழுதினார். கொள்முதல், உற்பத்தி, கணக்கு, சம்பளம் ஆகியவற்றை ஒரே கட்டுக்குள் கொண்டுவரும் மென்பொருள்கள் அதன் வழியே வளர்ந்தன. ஈ.ஆர்.பி. என்னும் பெயர் 1990இல் கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனம் இட்டது.

வாடிக்கை ஏட்டின் கதை குறுகியது. 1993இல் கலிபோர்னியாவில் தோன்றிய சீபெல் நிறுவனமும், 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனமும் இத்துறையில் பெரும்பெயர் பெற்றன. விலை விசாரித்தவர் யார், அவருக்கு விலைப்புள்ளி அனுப்பினோமா, மறுபடியும் எப்போது பேச வேண்டும், அவருடைய குறை தீர்ந்ததா என்பவற்றை இம்மென்பொருள் மறவாமல் நினைவூட்டும். விற்பனையாளர் ஒருவர் வேலையை விட்டுச் சென்றாலும் அவர் அறிந்தவை நிலையத்திலேயே தங்கும். என் கருத்தில் அதுவே இதன் பெரும்பயன்.

இனி, தேர்வு செய்யும் வழிக்கு வருவோம். மென்பொருள் விற்பவரை அழைக்குமுன் ஒரு மாதக் காலம் ஒரு சாதாரணக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, கைநழுவிய ஒவ்வொரு வியாபாரத்தையும் அதில் எழுதச் சொல்வேன். ஏன் நழுவிற்று என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். முப்பது வியாபாரங்கள் நழுவின என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் இருபதுக்குக் காரணம் ‘சொன்ன நாளில் சரக்கு ஆயத்தமாகவில்லை’ என்பதானால், புண் பட்டறையில் இருக்கிறது. ‘விலைப்புள்ளி கேட்டார், அனுப்ப மறந்தோம்’ என்பதானால், புண் வாடிக்கையில் இருக்கிறது.

ஆனால் இவ்விடத்தில் கருத்தாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் சினந்து பேசுகிறார். ‘மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன், மூன்று முறையும் நாளை வரும் என்றீர்கள்’ என்கிறார். இதைக் கேட்ட முதலாளி, ‘நம்மவர்க்கு வாடிக்கையாளரிடம் பேசத் தெரியவில்லை; வாடிக்கை மென்பொருள் வாங்குவோம்’ என்று முடிவு கட்டிவிடுவார். உண்மை என்ன? தொலைபேசியை எடுத்த பெண்ணுக்குக் கிடங்கில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தெரியாத நிலையில் அவர் ‘நாளை’ என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? அவருக்கு வாடிக்கை மென்பொருள் வாங்கித் தந்தால், அவர் தவணை சொன்ன நாள்களெல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். சரக்கு மட்டும் வாராது. இதற்கு மாறாகவும் நேர்வதுண்டு. கிடங்கில் விலைபோகாத பம்புகள் தேங்கிக் கிடக்கும். அது உற்பத்திக் குறை போலத் தோன்றும். பழைய வாடிக்கையாளருள் யார் எதை மறுபடி கேட்பார் என்று ஒருவரும் குறித்து வையாததே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகையால் குறிப்பேட்டில் எழுதிய காரணத்திற்கும் பின்னால் ஒரு படி சென்று பார்த்தல் வேண்டும்.

இரண்டையும் ஒருங்கே வாங்கி ஒரே நாளில் தொடங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் புகழ்பெற்ற சாக்லேட் நிறுவனமாகிய ஹெர்ஷி அவ்வாறே செய்து பார்த்தது. உள்வேலைகளுக்கு எஸ்.ஏ.பி., வாடிக்கையாளர் தொடர்புக்கும் விலைச் சலுகைகளுக்கும் சீபெல், உற்பத்தித் திட்டத்திற்கும் போக்குவரத்துக்கும் மானுகிஸ்டிக்ஸ் என மூன்று மென்பொருள்களை அது வாங்கியது. செலவு ஏறத்தாழ 112 மில்லியன் டாலர். 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய கணிப்பொறிகள் ஆண்டைத் தவறாகக் கணக்கிடும் என்ற அச்சம் அப்போது உலகெங்கும் இருந்தது. அந்த அவசரத்தில் நான்கு ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்கத் துணிந்தனர். 1999 ஏப்ரலில் தொடங்க எண்ணியது ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. ஜூலையிலோ, அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்குக் கடைக்காரர்கள் இனிப்புகளுக்கு ஆணை அனுப்பத் தொடங்கிவிட்டனர்.

விளைவு வியப்பானது. கிடங்கில் சாக்லேட் இருந்தது, வாங்குவோரும் இருந்தனர். ஆயினும் ஏறத்தாழ 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஆணைகளை நிறைவேற்ற இயலவில்லை. அந்தக் காலாண்டின் ஆதாயம் 19 விழுக்காடு குறைந்தது. நெருக்கடிக் காலங்களில் பழைய ஊழியர்கள் சரக்கை ஆங்காங்கே வெற்றிடங்களில் அடுக்கி வைப்பது வழக்கமாம். அவ்விடங்கள் புதிய கணிப்பொறிக் கணக்கில் பதியப்பெறவில்லை என்று பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர். ஏட்டில் இல்லாத இடத்திலுள்ள சரக்கைக் கணிப்பொறி எவ்வாறு அறியும்? பள்ளியில் ஆண்டுதோறும் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஏட்டில் இருக்கும் நாற்காலி அறையில் இராது. அறையில் இருக்கும் அலமாரி ஏட்டில் இராது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் எண்ணிப் பார்த்தால்தான் இரண்டும் ஒத்துவரும். ஹெர்ஷி நிறுவனமே 2002இல் எஸ்.ஏ.பி.யின் புதிய பதிப்புக்கு மாறியபோது, போதிய அளவு சோதித்துப் பார்த்து, இடையூறின்றி முடித்தது.

இன்று நிலைமை எளிதாகியிருக்கிறது என்பது மெய். 1996இல் வேறொரு பெயரில் தொடங்கி, பின்னர்த் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் கண்ட ஸோகோ நிறுவனம் வாடிக்கை ஏடு, சரக்கு ஏடு, கணக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் தருகிறது. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள்; அதில் வாடிக்கையாளர் பகுதியும் அடக்கம். ஒரே மென்பொருளில் இரண்டும் இருக்கும்போது தேர்வு ஏன் என்பீர்கள். மென்பொருள் ஒன்றாயினும் அதைப் பழகுகிற ஆட்கள் அவர்களே. எந்தப் பகுதியை முதலில் திறப்பது என்னும் வினா அப்படியே நிற்கிறது.

பொருளைச் செய்து விற்கும் நிலையம் பெரும்பாலும் பட்டறை ஏட்டிலிருந்து தொடங்குவதே நன்று என்பது என் துணிபு. இருப்புத் தெரியாமல் எவரும் உறுதிமொழி தர இயலாது. காப்பீட்டு முகவர், பயண ஏற்பாட்டாளர், தனிப்பயிற்சி நிலையம் நடத்துவோர் ஆகியோருக்குக் கிடங்கே இல்லை. அவர்கள் வாடிக்கை ஏட்டை முதலில் எடுக்கலாம்.

விற்பவர் காட்டும் மாதிரிக் கணக்கை மட்டும் நம்பிவிடலாகாது. நம் நிலையத்தின் சென்ற மாதக் கணக்கையே அவரிடம் தந்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். நாளை அவரை விட்டு வேறொருவரிடம் செல்ல நேர்ந்தால் நம் பதிவுகளை முழுமையாக எடுத்துச் செல்ல இயலுமா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். தொடங்கும் காலமும் கருதத்தக்கது. நம் பம்புப் பட்டறைக்கு விற்பனை மிகுவது கோடையில். ஆதலின் மழைக்காலமாகிய ஐப்பசியில் சரக்கை எண்ணிப் பதிந்து, தை பிறக்கும் வரை பழைய ஏட்டையும் கூடவே எழுதி வந்து, இரண்டும் ஒத்த பின்னரே பழையதை மூடலாம்.