மீண்டுவரும் நோயும் இணைந்த மருந்துகளும்

பன்வில மலைச்சரிவிலே கொழுந்து கொய்யும் பெண்ணொருத்திக்குக் களைப்பு மேலிடுமாயின், இரத்தக் குறைவென்றே வீட்டார் எண்ணுவர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், களைப்போடு பல்லீறில் இரத்தம் கசிவதும், அடிபடாமலே தோல் கன்றி நீலம் பாய்வதும் காணப்படின், தாமதியாது கண்டிப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இரத்தப் புற்றுநோயின் ஒருவகை இவ்வாறே தன்னை வெளிப்படுத்தும். புரோமைலோசைற்றிக் லூக்கேமியா என்பது அதன் பெயர்.

சிகிச்சை தாமதித்தால், இரத்தப் பெருக்கினால் விரைவில் உயிரைப் போக்கும் நோய் இது. இன்றோ, நன்கு குணப்படுத்தத்தக்க இரத்தப் புற்றுநோய்களுள் ஒன்றாயிற்று. அம்மாற்றத்துக்குப் பெருங்காரணம் ஒரு நஞ்சு. சித்த வைத்தியர் அறிந்த வெள்ளைப் பாஷாணமே அது. 1970களில் சீனாவின் ஹார்பின் நகர வைத்தியர் இதனை இந்நோய்க்குப் பயன்படுத்தலாயினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 தொடக்கம் 2004 வரை 72 நோயாளருக்கு இம்மருந்து தனியாகவே அளிக்கப்பட்டது. 62 பேரிடம் நோய் அடங்கியது. வைத்தியர் அளவறிந்து நாளத்தின்வழி செலுத்தும் மருந்து இது, வீட்டிலே உண்ணத்தக்கதன்று.

ஆனால், சிலரிடம் நோய் மீண்டது. மீண்ட நோய் பழைய மருந்துக்கு எப்போதும் பணிவதில்லை. ஆகவே, வேறொரு மருந்தைத் துணைசேர்க்க வேலூர் ஆய்வாளர் முனைந்தனர். போர்ட்டெசோமிப் என்னும் அம்மருந்து, கலத்தினுள் பழுதான புரதங்களை அழிக்கும் பொறியைத் தடுப்பது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. பாஷாணம் நோய்க்கு மூலமான புரதத்தை அழிப்பதும் அப்பொறியின் வழியாகவே. அங்ஙனமாயின், ஒரு மருந்து மற்றதன் வேலையைக் கெடுக்காதோ?

ஊகத்தால் விடைகாண முற்படாது, அவர்கள் முதலில் கலங்களிலும் பின்னர் எலிகளிலும் சோதித்தனர். ஒருவழி அடைபட்டபோதும், கலம் தன் கழிவுகளைத் தானே செரிக்கும் வேறொரு வழியால் அப்புரதம் அழிந்தது. பாஷாணத்துக்கு அடங்காத கலங்களும் மடிந்தன. 2016இல் இது வெளியாயிற்று. நோய் மீண்டவர்களுக்கு இவ்விணைப்பை அளித்துப் பெற்ற முடிவு 2020இல் வெளிவந்தது. பெரும்பாலோரிடம் நோய் மறுபடியும் அடங்கிற்று.

இதனால் மலைநாட்டார் கொள்ளத்தக்க பாடம் இரண்டு. நோய் மீண்டதென்பது முடிவு வந்ததென்பதன்று. மற்றது, நலமடைந்தபின்னும் குறித்த நாளிலே பரிசோதனைக்குச் செல்லுதல் அவசியம். உடலில் குறி தோன்றுமுன்பே நோய் திரும்புவதைப் பரிசோதனை காட்டக்கூடும். ஒருநாட் சம்பளத்தை எண்ணி அப்பயணத்தைத் தவிர்த்தல், தேடிப்பெற்ற உயிரைப் பணயம் வைப்பதாகும்.