மருத்துவத் தவறும் நம் பொறுமையும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கணவருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் குடல் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வயிறு வீங்கிக் காய்ச்சல் கண்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு இரவுகள் கெஞ்சியும் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தச் சகோதரர் மௌத்தாகிவிட்டார்.

"இதை யாரிடம் கேட்பது?" என்று அந்தச் சகோதரி கேட்டார். "அல்லாஹ்வின் நாட்டம்மா, ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்லி, மாத உதவிக்கு எழுதிக்கொடுத்து அனுப்பியவன் நான்தான்.

சென்ற மாதம் அவருடைய மகன் ஒரு வக்கீலிடம் போனார். காலக்கெடு கடந்துவிட்டது, கையில் பில்லைத் தவிர வேறு காகிதம் இல்லை, இனி கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நான் நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை அந்தக் குடும்பத்தின் உரிமையைக் கெடுத்துவிட்டது. இன்னொரு குடும்பத்துக்கு அப்படி நேரக்கூடாது என்றே இன்று பேசுகிறேன்.

தக்தீரை நம்புவது ஈமானின் அங்கம். ஆனால் தவறுதலாக ஓர் உயிர் போனாலும், குடும்பத்தார் மன்னித்தாலன்றி, அவர்களுக்குத் தியத் கொடுக்க வேண்டும் என்று குர்ஆன் (4:92) விதித்திருக்கிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால் விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா நூல்களில் இருக்கிறது. தகுதியுள்ள மருத்துவர், அனுமதி பெற்று, முறைப்படி சிகிச்சை செய்தும் நோயாளி இறந்தால் அவர் மீது குற்றமில்லை. முறை தவறினால் ஈடு கொடுக்க வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பிரித்துச் சொன்னார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இப்படியே பிரிக்கிறது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதே கவனக்குறைவு ஆகாது. சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் அந்த நிலையில் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்பதே கேள்வி. கிரிமினல் வழக்கு என்றால் மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே தீர்ப்பாகிவிட்டது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், இலவச நோயாளிக்கும் அந்த உரிமை உண்டு.

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரையைக் குறித்த காலத்துக்குள் சோதிக்க வேண்டும். சோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தந்தை விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல் மொத்தம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரத் தீர்ப்பானது. பார்வை திரும்பாது. ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கைச் செலவுக்கு வழி பிறந்தது.

இப்போது நாம் செய்ய வேண்டியவை.

முதலாவது, காகிதம். கேஸ் ஷீட், ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு அனைத்தின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மனுவின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது, அதே துறையின் வேறொரு மருத்துவரிடம் காகிதங்களைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர் தவறில்லை என்றால் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். ஆதாரமில்லாமல் ஒருவர் மீது பழி போடுவதும் பாவமே.

மூன்றாவது, காலம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

நான்காவது, சொல்லத் தயங்கும் விஷயம். மரணத்தில் சந்தேகம் இருந்தும், ஜனாஸாவை உடனே அடக்க வேண்டும் என்று பிரேதப் பரிசோதனையை மறுத்துவிடுகிறோம். பிறகு காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம். அவசியத் தேவைக்கு இதை அனுமதித்த மார்க்க அறிஞர்கள் உண்டு. அந்த நேரத்தில் இமாமிடம் கேட்டு முடிவெடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவமனையில் கண்ணாடியை உடைப்பதும் டாக்டர் மீது கை வைப்பதும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். மறுநாள் பேச்சு உங்கள் குற்றத்தைப் பற்றியதாகிவிடும். இறந்தவரின் நியாயம் மறக்கப்படும். நம் பிள்ளைகளிலும் டாக்டர்களும் நர்ஸுகளும் இருக்கிறார்கள். இரவு பகல் பாராமல் உழைக்கும் அவர்களுக்கு துஆச் செய்வோம்.

இனி நம் அலுவலகத்துக்கு இப்படி யார் வந்தாலும், உதவித்தொகை எழுதுமுன் "காகிதம் வாங்கினீர்களா?" என்று கேட்போம். அந்தச் சகோதரியிடம் சென்ற வாரம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். தாமத மனு போட முடியுமா என்று வக்கீலுடன் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்காக துஆச் செய்யுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், உரிமை இழந்தவர்களுக்கு நீதியையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.