அம்மா ஏறிய மலை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மெல்போர்னுக்குப் படிக்கப் போன எனக்கு, பல்கலைக்கழக ஜிம்முக்குள் நுழைய நாலு மாதம் பிடித்தது. தகுந்த உடுப்பில்லை, மெஷின் எதுவும் தெரியாது என்ற கூச்சம். ஒருநாள் துணிந்து கேட்டேன். பயிற்றுநர் ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். பெண்களுக்குத் தனி நேரமும் இருந்தது.

ட்ரெட்மில்லில் ஏற்றம் வைத்து நடந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"மலை ஏறக் காசு கட்டுறியா புள்ள?" என்று சிரித்தார்.

அவர் ஹட்டன் பக்கத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். நாளுக்கு 18 கிலோ. கூடைக் கயிறு தலையில். இப்போது தீராத முதுகுவலி.

ஜிம்மில் எனக்கு முதல் பாடமே பாரம் தூக்கும் முறைதான்: முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, பாரத்தை உடம்போடு அணை, இடையில் ஓய்வெடு. லீவில் வந்து லயத்து வாசலில் தண்ணீர் வாளியை வைத்து அம்மாவுக்குக் காட்டினேன்.

"இத அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்றார்.

வெளிநாடு போகும் தங்கைமாரே, அந்த வாசலில் தயங்கி நிற்காதீர்கள். கற்றதை வீட்டுக்கும் கொண்டு வாருங்கள்.