குண்டு எதைச் சொல்லும்?

மலேசியாவின் ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களில் வேலை முடிந்து, இரவுச் சாப்பாட்டோடு துப்பறியும் தொடர் பார்க்கும் வீடுகள் ஏராளம். அந்தத் தொடர்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். ஆய்வுக்கூடத்தில் குண்டை வைத்ததும் திரையில் படங்கள் சரசரவென ஓடும். ஒன்று நின்று மின்னும். அடுத்த நொடி கொலையாளியின் பெயரும் முகவரியும் வந்துவிடும்.

உண்மையில் அப்படி நடப்பதில்லை. கணினி தருவது பொருந்தக்கூடியவற்றின் ஒரு பட்டியல் மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் மனிதர், அதாவது தடயவியல் நிபுணர்.

அவர் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் இருக்கும். குண்டு சுழன்று நேராகப் பறக்க அந்த ஏற்பாடு. குழலைக் கடைந்த கருவி விட்ட நுண்கீறல்களும் அங்கே உண்டு. வெளியேறும் குண்டின்மேல் அவற்றின் தடங்கள் பதியும். சந்தேகப்படும் துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, அந்தக் குண்டை எடுத்து, உடலிலிருந்து எடுத்த குண்டோடு ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைப்பார்கள். நடுவே மெல்லிய கோடு. இடப்பக்கம் ஒரு குண்டு, வலப்பக்கம் மற்றொன்று. கீறல்கள் கோட்டைத் தாண்டித் தொடர்கின்றனவா என்று குண்டை இம்மி இம்மியாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நசுங்கிய குண்டானால் எதுவும் சொல்ல முடியாமலும் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிவால்வரால் சுட்டவன் ஓடிய பிறகு தரையில் வெற்றுத் தோட்டாக்களைப் போலீஸார் பொறுக்குவதாகச் சில தொடர்களில் காட்டுகிறார்கள். ரிவால்வர் சுட்டதும் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளாது. அது உருளைக்குள்ளேயே தங்கிவிடும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்காத வழக்கு ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவரைப் பார்க்க வந்திருந்த சக நடிகர் எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயத்தோடு கிடந்தார். பக்கத்தில் இருந்தவர் தயாரிப்பாளர் வாசு ஒருவர்தான். சுட்டது ராதா என்றது அரசுத் தரப்பு, எம்.ஜி.ஆர்.தான் சுட்டார் என்றார் ராதா. தடயவியல் நிபுணர் பி. சந்திரசேகரன் துப்பாக்கிச் சான்றுகளை ஆராய்ந்தார். நீதிமன்றம் சாட்சிகள், மருத்துவர்கள், நிபுணர்கள் எல்லோரையும் கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ராதாவுக்கு ஏழாண்டு சிறை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த 'காவல்காரன்' படத்தில் அவர் பேசுவதைக் கேட்டவர்களுக்கு அது தெரியும்.

குண்டு சொல்வது துப்பாக்கியைப் பற்றி. விசையை அழுத்திய விரலைப் பற்றி அல்ல. 1929ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிகாகோவில் அது நிரூபணமானது. பிப்ரவரி 14 அன்று அங்கே ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கால்வின் கோடார்ட் என்ற நிபுணர், பின்னர் மிச்சிகனில் பிடிபட்ட இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளே சுட்டவை என்று காட்டினார். ஆனாலும் அந்தப் படுகொலைக்காக ஒருவர்மீதும் வழக்கு விசாரணை நடக்கவில்லை.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதிலும் தவறு நேரலாம். அமெரிக்காவின் அலபாமாவில் ஆண்டனி ரே ஹின்டன் என்பவரின் தாயார் வைத்திருந்த ரிவால்வரே கொலைக் கருவி என்று நிபுணர்கள் சாட்சி சொல்ல, ஹின்டனுக்கு மரண தண்டனை விழுந்தது. 1985இல் கைதானவர் 2015இல்தான் விடுதலையானார். குண்டுகள் அந்த ரிவால்வரிலிருந்து வந்தவை என்று நிரூபிக்கவே முடியவில்லை. ஒரு மனிதரின் முப்பது ஆண்டுகள் போய்விட்டன. அமெரிக்காவின் மேரிலாந்து உயர்மட்ட நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில், குறிப்பிட்ட குண்டு குறிப்பிட்ட துப்பாக்கியிலிருந்தே வந்தது என்று நிபுணர் தயக்கமின்றி அடித்துச் சொன்னதை ஏற்க மறுத்தது.

நம் நாட்டுக்கும் இது தூரத்து விஷயம் அல்ல. குறிப்பிட்ட சில குற்றங்களைப் புரியும்போது கொல்லும் நோக்கத்தோடு துப்பாக்கியால் சுட்டவருக்கு, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 2023 வரை மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. இப்போது மரண தண்டனை விதிப்பதா என்பதை நீதிபதி தீர்மானிக்கலாம். நுண்ணோக்கியில் கண் வைப்பவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது, பாருங்கள்!

தொடர்களைத் தாராளமாகப் பாருங்கள். கூடவே, எந்தத் துப்பாக்கி, அது யார் கையில் இருந்தது, இதைச் சொன்னது யார் என்று பிள்ளைகளோடு பேசுங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தடயவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அறிவியலில் ஆர்வமுள்ள நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.