துரைமாரை எதிர்த்த ஒரு துரை

 

துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தலைமுறை நம்முடையது. இன்று நான் பேசப்போவது தொழிலாளர் பக்கம் நின்ற ஒரு வெள்ளைக்காரத் துரையைப் பற்றி. அவர் பெயர் மார்க் அந்தோனி பிரேஸ்கேடில்.

1912-ல் லண்டனில் பிறந்து, தாயாருடன் ஆஸ்திரேலியா போனவர். அங்கே இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார். 1936-ல் துரை வேலை பழக இலங்கைக்கு வந்தார். மலைநாட்டில் மடுல்கலை, ரெலுகாஸ் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவர்கள், நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய சனங்களின் வாரிசுகள். அவர்களுடைய லயத்து வாழ்க்கையை நேரில் பார்த்தார். அவர்களுக்காகப் பேசினார். வேலை போனது.

அவர் ஊர் திரும்பவில்லை. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து அரசியலுக்கு வந்தார். 1937 ஏப்ரல் 3-ல் நாவலப்பிட்டியில் கூட்டம். இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்யாய அந்த மேடையில் இருந்தார். தோட்டத் தொழிலாளர் திரண்டிருந்தனர். பிரேஸ்கேடில் எழுந்து துரைமாரின் கொடுமைகளைப் பேசினார். வெள்ளைக்காரனே வெள்ளைக்காரனைக் குற்றம் சொன்னால், தொழிலாளிக்குப் பயம் விட்டுப்போகும் அல்லவா? துரைமார் கொதித்தார்கள்.

கவர்னர் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேறு என்று உத்தரவு போட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார். மே 5-ல் அரசாங்க சபை, 34-க்கு 7 என்ற வாக்கில் கவர்னரைக் கண்டித்தது. அன்றே கொழும்பு காலிமுகத்திடலில் மாபெரும் கூட்டம். தேடப்பட்டவர் மேடையிலேயே வந்து நின்றார்! பிறகு கைது செய்தார்கள். தோழர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அவசர காலத்துக்கென்று கொடுத்த அதிகாரத்தை வைத்து, பேசிய குற்றத்துக்காக ஒருவரை நாடு கடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இதோடு கதை முடிந்தால் சந்தோஷப்படலாம். 11 வருடம் கழித்து, 1948-ல், சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. சமசமாஜக் கட்சி எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. அவர் யாருக்காகப் பேசினாரோ, அந்தத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் போனது. ஒரு வெள்ளைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று ஊரே திரண்டது. லட்சக்கணக்கான தொழிலாளருக்காக அப்படித் திரளவில்லை. அவர்களுடைய பிரச்சினை பெருமளவு தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இப்படி நடந்தது. 1941-ல் கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரைக்காக சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கை. துணை நின்ற ஆர்.எச்.நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். எந்த நீதிமன்றமும் அவரைக் காப்பாற்றவில்லை. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் போனது.

தோழர்களே, நல்ல மனிதர் ஒருவர் நமக்காகப் பேசுவார். அவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் நம் உரிமைக் கடுதாசி நம் கையில் இருக்க வேண்டும். இங்கே பிறந்தும் சிவப்பு ஐசி-யோடு கண்ணை மூடியவர்களை நமக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள். வாக்காளராகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மனுப் போட வேண்டுமா? தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போவோம்.